காலையில் பார்த்தது

"ஊதுங்க… ஊதுங்க… ஊதுங்க… விட்றாதீங்க சார், இன்னும், இன்னும், இன்னும்!"

அந்தப் பரிசோதனை அறையில் இருந்த பெண் போட்ட சத்தத்துக்கு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் சேர்ந்து ஊதியிருப்பார்கள். நான் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, வாயில் அட்டைக் குழாயைக் கடித்துக்கொண்டு, கண் பிதுங்க ஊதினேன். கணினித் திரையில் ஒரு கோடு கொஞ்சம் எழும்பி, உடனே படுத்துவிட்டது.

"சரியா ஊதலை சார். திரும்ப ஊதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, இருபத்திரெண்டு வருசமா ஃபயர் சர்வீஸ்ல இருக்கேன். கயிறு ஏறி, நெஞ்ச விரிச்சுக் காட்டி வேலைக்கு வந்தவன். இதுக்கு மேல ஊதணும்னா வேற ஆளத்தான் கூட்டியாரணும்."

அவர் சிரித்தார். "கோவப்படாதீங்க. மொதல்ல மூச்ச முழுசா வெளிய விடுங்க. சுத்தமா காலி பண்ணுங்க. அப்பறம் நல்லா இழுத்து ஊதுங்க."

அவ்வளவுதான், என்னால் ஊத முடியவில்லை. மூச்சுத் திணறலால் இல்லை. அந்த வார்த்தையை நான் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் பெயர் ரெங்கராசு. திருக்கோகர்ணத்தில் வீடு. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளராக இருக்கிறேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருக்கிறேன். "என்ன நோய், எப்புடி வந்துச்சுன்னு எழுதுங்கண்ணே, நம்ம ஆளுகளுக்கு உபயோகமா இருக்கும்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். நோயை மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. மீதியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சொல்லிக்கொடுத்தவன் பெயர் சின்னையா. மணமேல்குடிக்காரன். ஆள் தேர்வுக்கு அவன் வந்தபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்; எனக்கு அன்று அங்கே டியூட்டி. மைதானத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்றான். ஓட்டத்தில் முதல் ஆள். கயிற்றில் குரங்கு மாதிரி ஏறி இறங்கினான். நெஞ்சளவில்தான் மாட்டிக்கொண்டான். சாதாரணமாக நிற்கும்போது ஒரு அளவு, மூச்சை இழுத்து விரிக்கும்போது ஒரு அளவு, இரண்டுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் வேண்டும். கடலில் முக்குளித்து வளர்ந்த உடம்பு, நெஞ்சு எப்போதும் விரிந்தே இருந்தது. டேப்பில் நாலரைதான் காட்டியது. மறுபடி அளக்கச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். பையன் முகம் செத்துப்போய் நின்றான்.

நான் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "டேய், மொத அளவு எடுக்கறப்ப மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு நில்லு. சுத்தமா காலி பண்ணு. வயித்த எக்காத, தோள மட்டும் தொங்கப் போடு. ரெண்டாவதுக்கு ஒன் கடலையே உள்ள இழு."

இரண்டாம் தடவை ஐந்தரை காட்டியது. ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். அன்றிலிருந்து நான் அவனுக்கு ரெங்கண்ணன்; பிறகு எங்கள் நிலையத்துக்கே வேலைக்கு வந்தான். எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. இருந்திருந்தால் இப்படித்தான் என்னைக் கேலி பண்ணியிருப்பான்.

அவனை இந்த வேலைக்குள் தள்ளிவிட்டது நான்.

தீ பிடித்தது குளத்தூர்ப் பக்கம் ஒரு கிடங்கில். கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்த முந்திரித் தோடு மலைபோல் குவித்துவைத்திருந்தார்கள். முந்திரித் தோட்டில் எண்ணெய் இருக்கிறது, கையில் பட்டாலே கொப்புளிக்கும். அது எரிந்து வரும் புகை வேறு எந்தப் புகையைப் போலவும் இருக்காது. கண்ணை, தொண்டையை, நெஞ்சை ஒரே இழுப்பில் அறுக்கும். நாங்கள் போனபோது பகல் பதினொரு மணி. "உள்ள ஒரு ஆளு தூங்கிக்கிட்டு இருந்தான் சார்" என்று யாரோ கத்தினார்கள். எங்களிடம் இரண்டு மூச்சுக் கருவிகள். முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க். ஒன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. இன்னொன்றைச் சின்னையா எடுத்தான்.

முதுகில் வாரைக் கட்டிவிட்டது நான்தான். கட்டும்போது கேட்டான்: "காத்து ஃபுல்லாண்ணே?"

"காலைல பாத்ததுதான், போடா" என்றேன்.

ஆளைத் தேடி உள்ளே போனான். அரைமணி நேரம் தாங்கவேண்டிய காற்று. நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளேயிருந்து விசில் கேட்டது. சிலிண்டரில் காற்று குறைந்தால் கருவி தானாக விசில் அடிக்கும், 'வெளியே வா' என்று அர்த்தம். கீச்சென்று, நிற்காமல். எல்லாரும் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார்கள். என்னவென்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஈரத்துண்டு இந்தப் புகையை வடிகட்டாது. அதுவும் எனக்குத் தெரியும். பாதி தூரம் விசிலை வைத்துத்தான் போனேன். பிறகு விசில் நின்றுவிட்டது.

தோட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் மாஸ்க் கழன்று கிடந்தான். இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே தூங்கியதாகச் சொன்ன ஆள் சாலையோரத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். அடப்பாவி என்று கத்தக்கூட எனக்கு மூச்சில்லை.

இரண்டு பேரையும் ஒரே வார்டில் போட்டார்கள். சின்னையா தொண்டையில் குழாய். மறுநாள் நிலைய அலுவலர் வந்து, "மாஸ்க் எப்படிக் கழண்டுச்சு?" என்று கேட்டார். தாளும் பேனாவும் கொடுத்தோம். 'நான்தான் கழட்டினேன்' என்று கோணல் எழுத்தில் எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கு மாலையே போய்விட்டான்.

அந்தத் தாள்தான் விசாரணைக்கு முடிவு சொன்னது. 'முகமூடியைத் தாமே கழற்றிய கவனக்குறைவால்' என்று அறிக்கை. சிலிண்டர் காலியாக இருந்ததை யாரும் கேட்கவில்லை. வால்வு திறந்தபடி கிடந்தது, மிச்சக் காற்று போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் இருமினேன், சரியாயிற்று, வேலைக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து மாடிப்படி ஏறினால் நடுப்படியில் நிற்கவேண்டியிருந்தது. பிறகு வண்டியில் ஏறவே மூச்சு வாங்கியது. குளித்துவிட்டுத் தலை துவட்டுவது ஒரு வேலையாகிப் போனது. என் மனைவி மல்லிகாதான் ஒருநாள், "இதுக்கு மேல ஒங்க வீறாப்பெல்லாம் எங்கிட்ட வேணாம், கெளம்புங்க" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

டாக்டர் அம்மா சின்ன வயசுதான். பொறுமையாகத் தாளில் ஒரு மரத்தைத் தலைகீழாக வரைந்து காட்டினார். நுரையீரலுக்குள் போகும் குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் நூல்போல ஆகிவிடுமாம். அந்த நூல்களில்தான் புகை போய்ப் புண்ணாக்கியிருக்கிறது. புண் ஆறும்போது தழும்பாகி, குழாய்கள் சுருங்கிவிட்டன. "காத்து உள்ள போயிடும் சார், வெளிய வர்றதுக்குத்தான் வழியில்ல. பழைய காத்தே உள்ள நின்னுக்கிட்டு இருக்கு." புகை பட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்தும் இது வரும், அதனால்தான் பலரும் ஆஸ்துமா என்று விட்டுவிடுகிறார்கள் என்றார். அதற்கு மேல் எனக்குச் சளிக் காய்ச்சலும் சேர்ந்திருந்தது. ஸ்டீராய்டு, ஊசி, உறிஞ்சும் மருந்து, மூக்கில் ஆக்சிஜன். "சுருங்கினது திரும்ப விரியாது. இனிமே சுருங்காம பாத்துக்கலாம்." ஒளிக்காமல் சொன்னதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும்.

எங்கள் துறை ஆட்களுக்கு இங்கே ஒன்று சொல்கிறேன். தீ அணைந்த பிறகும் இருமல் போகவில்லை என்றால், ஒரு மாதம் கழித்தாவது அந்த ஊதும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். நான் கடத்தினேன்.

வார்டில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டில் வழியாகத்தான் ஆக்சிஜன் வரும். குளுகுளுவென்று அது கொதிப்பதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். அந்தச் சத்தம் பரவாயில்லை. பக்கத்துக் கட்டிலில் ஏதாவது கருவி கீச்சிட்டால்தான் போச்சு. தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மல்லிகா முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல, ஊசி மருந்து தீந்துபோச்சு, அதான்" என்பாள். விசில் நின்ற பிறகு வரும் அமைதிதான் எனக்குப் பயம். நிற்கிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். வளர்மதி வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

வளர்மதி சின்னையாவின் மனைவி. அவன் போனபிறகு மணமேல்குடிக்கே போய்விட்டார். நான் படுத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறி, மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, அதில் நண்டு ரசம். மிளகைத் தட்டிப் போட்டு, நெஞ்சுச் சளிக்கென்று வைத்துக் கொண்டுவருவார். என் தம்பி பெண்டாட்டியாக இருந்தால்கூட இப்படிச் செய்வாளா தெரியாது.

"குடிங்கண்ணே, சூடு ஆறிரும்."

"எதுக்கும்மா இவ்வளவு தூரம் அலையற?"

"ஈரத்துணியக் கட்டிக்கிட்டு அவருக்காக உள்ள போன மனுசன் நீங்க. இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன பொம்பள?"

பிறகு ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பார். "அவரு ஏண்ணே கழட்டுனாரு? கடல்ல முக்குளிச்சா லேசுல வெளிய வரமாட்டாரு. வல எடுக்கப் போனா கரையில நிக்கிற எனக்குத்தான் உசுரு போகும். மூச்சடக்கத் தெரிஞ்ச மனுசன் எதுக்குண்ணே மூஞ்சிய மூடியிருந்தத கழட்டணும்? பயந்துட்டாரா?"

"தெரியலம்மா" என்பேன்.

"ஊர்ல அப்படித்தான் பேசுறாங்க, பயந்துட்டான்னு. கருணை வேலைக்கு மனு குடுத்திருக்கேன், அந்த ஃபைலு மேலயும் அந்த ஒரு வார்த்தைதான் குந்தியிருக்கு. கவனக்குறைவு, கவனக்குறைவுன்னு. படிச்சுப் படிச்சு எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே."

ரசம் தொண்டையில் இறங்காது. மல்லிகா என்னைத் திட்டுவாள். "எம்புட்டுத் தொலைவுலருந்து கொண்டாருது அந்தப் புள்ள, மூஞ்சியச் சுளிக்கிறீங்களே, ஒங்களுக்கு மனசுங்கிறது இருக்கா?" இருந்ததுதான் பிரச்சினை.

நடந்ததைச் சொல்கிறேன். தினமும் காலை எட்டு மணிக்குக் கருவி சோதனை. சிலிண்டர் வால்வைத் திறந்து, அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பிறகு காற்றை மெதுவாக விட்டு விசில் அடிக்கிறதா என்று கேட்டு, பதிவேட்டில் எண்ணை எழுதி ஒப்பமிடவேண்டும். அப்படித் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் காற்று போகும். திரும்ப நிரப்ப எங்கள் நிலையத்தில் இயந்திரம் இல்லை, சிலிண்டரை வேறு ஊருக்கு அனுப்பவேண்டும், வர நாளாகும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். திறக்காதே, காற்றை வீணாக்காதே, நேற்று எழுதிய எண்ணையே இன்றும் எழுது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நானும் அதைப் பொறுப்பான வேலை என்றே நினைத்தேன். நிரம்பிய சிலிண்டருக்கு உரிய எண்ணை, மாதக்கணக்கில் 280, 280, 280 என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

தீக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் செயல்விளக்கம். அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நின்றது நான். மாஸ்க்கைப் பார்த்து யானை, யானை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அதில் எனக்கும் குஷி பிறந்து, தும்பிக்கை மாதிரித் தொங்கிய குழாயை ஆட்டி, மைதானத்தை இரண்டு சுற்று ஓடிக்காட்டினேன். ஒரு வகுப்பு போய் அடுத்த வகுப்பு வந்தது, அவர்களுக்கும் ஓடிக்காட்டினேன். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கும். திரும்பிவந்து மாட்டிவைத்தேன். மறுநாள் காலை 280 என்று எழுதினேன். அதற்கு மறுநாள் காலையும் 280.

சின்னையாவுக்கு இல்லாமல்போன காற்றை நான் யானை வேஷம் போட்டுத் தீர்த்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன், ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மல்லிகா வீட்டுக்குப் போயிருந்தாள். வளர்மதிதான் கூட இருந்தார். வார்டில் ஆக்சிஜன் குழாய் வழியாக வரும், ஸ்கேன் அறைக்குப் போக சிலிண்டர் வேண்டும். வார்டு ஊழியர் ஒருவர் தள்ளுநாற்காலியும் சிலிண்டருமாக வந்தார். நல்ல மனுசன், என்னை 'ஃபயரு' என்றுதான் கூப்பிடுவார். மானியைக் காட்டு என்று நான் எப்போதும் உயிரை வாங்குவதால், "நீங்க ஃபயரா, கேஸ் கம்பெனியா?" என்று கிண்டல் பண்ணுவார். அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெம்பில்லை.

ஸ்கேன் அறை வாசலில் கூட்டம். காத்திருக்கவேண்டும் என்றார்கள். திரும்பிப் பார்த்தேன், முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது.

"காத்து இருக்காய்யா?" என்றேன்.

அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. "ஃபுல்லுதாங்க. காலைல பாத்ததுதான்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். வளர்மதி என் முகத்தைப் பார்த்தார், நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். முள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் புரிந்துகொண்டார்.

"ஏய்யா! முள்ளு கீழ கெடக்கு, ஃபுல்லுங்கிற? பாத்தியா நீ? கண்ணால பாத்தியா?"

ஊழியர் குனிந்து பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. ஓடிப்போய் வேறு சிலிண்டர் கொண்டுவந்து மாற்றினார். அதற்குள் காற்று தீரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வளர்மதி விடவில்லை. வரிசையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

"பாக்காமயே பாத்தேன்னு சொல்றியே, ஒனக்கு நாக்கு கூசல? இவரு மூச்சு நின்னுருந்தா யாரு பதில் சொல்றது? பாக்காம சொல்ற வாய என்னன்னு சொல்ல?"

அந்த மனிதர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்று நின்றார். சின்னையா வயசுதான் இருக்கும். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவரத் திட்டாத வளர்மதி" என்றேன். "நானும் பாக்காமத்தான் சொன்னேன்."

"என்னண்ணே?"

"சின்னையா கேட்டான், காத்து ஃபுல்லான்னு. காலைல பாத்ததுதான், போடான்னு சொன்னேன். நான் பாக்கல. அன்னைக்கும் பாக்கல, அதுக்கு முன்னாடியும் பாக்கல. அதுல இருந்த காத்த ரெண்டு நாளைக்கு முன்னாடியே நான் பள்ளிக்கூடத்துல மாட்டித் தீத்துட்டேன்."

ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நாலைந்து வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று சொன்னேன். பள்ளிக்கூடம், யானை, 280, எல்லாம் சொன்னேன். வளர்மதி அசையாமல் கேட்டார். ஊழியர் சுவரோடு சுவராக நின்றார்.

"அப்ப அவரு பயந்து கழட்டல" என்றார்.

"இல்லம்மா. காத்து தீந்தா மாஸ்க் மூஞ்சியோட ஒட்டிக்கும். கழட்டாம இருக்க எந்த மனுசனாலயும் முடியாது."

"விசில் அடிச்சப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, நீங்க பாக்கலைன்னு?"

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுதான் நான்தான் கழட்டினேன்னு எழுதிக் குடுத்தாரா?"

நான் தலையை ஆட்டினேன். வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவன் செத்த அன்றுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டு நாளு கேட்டேன். ஒவ்வொரு தடவையும் தெரியல, தெரியலன்னீங்களே" என்றார். பையை எடுத்துக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போய்விட்டார்.

ஸ்கேன் அறைக்குள் இயந்திரம் பேசியது. மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள், விடுங்கள். விட முடியவில்லை.

மாலையில் மல்லிகா வந்து, கட்டிலுக்கடியில் இருந்த தூக்கைப் பார்த்து, "எங்க வளர்மதி?" என்றாள். அவளிடமும் சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. என் துணியைக்கூட மடித்துவைக்கவில்லை. மறுநாள் காலை இட்லிப் பொட்டலத்தோடு கோடு போட்ட தாள் நாலும் ஒரு பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். "நடந்தத அப்படியே ஆபீசுக்கு எழுதுங்க. வேல போனாலும் பரவால்ல. முடியாட்டி நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்." கடைசியில் பாதியை அவள்தான் எழுதினாள். ஒப்பம் மட்டும் நான் போட்டேன். இந்த ஒப்பத்தைப் பார்த்துத்தான் போட்டேன்.

பதினெட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். இனிமேல் புகைப் பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் அம்மா எழுதிக்கொடுத்தார். எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்திருக்கிறது, விசாரணை நடக்கிறது. அதுவரை நிலையத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. காலை எட்டு மணிக்கு இப்போது நிஜமாகவே வால்வைத் திறக்கிறார்கள். காற்றை இறக்கும்போது விசில் அடிக்கும். எனக்கு அது உள்ளே கிடக்கும் ஒருவனின் சத்தமாகத்தான் கேட்கிறது. நின்றவுடன் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். நிலையத்துப் பையன்கள் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறார்கள்.

போன வாரம் மணமேல்குடியிலிருந்து போன் வந்தது. அந்தத் தூக்கு எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது, அதைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"ஆர்டர் வந்துருச்சு" என்றார் வளர்மதி. "அந்த வார்த்தைய எடுத்துட்டாங்க. எனக்கும் ஆபீஸ்ல சேரச் சொல்லி வந்துருக்கு."

"ரொம்ப சந்தோசம்மா" என்றேன். "தூக்கு இங்கதான் இருக்கு. கொடுத்து விடவா?"

பின்னால் கடல் காற்று மட்டும் கேட்டது.

"அது அங்கயே இருக்கட்டும். ஒடம்பப் பாத்துக்கங்க, சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.